கையிருப்பு

சித்தூர் கச்சேரியில் விசாரணை. ஆடிக் காற்று
தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
பெயர் கேட்டார்கள். அப்பாண்டை நயினார்.
வேலை: கும்பினி மருந்துக் கிடங்கில் குமாஸ்தா.
சம்பளம்: நாலு வராகன், மூன்று மாதம் பாக்கி.
சமயம் கேட்டார்கள். சொன்னேன்.
துபாஷி சிரித்தான்:
எறும்பை மிதிக்காத ஜாதி, துரைகளே,
இருபது பெட்டித் தோட்டாவுக்குக் காவல் இருந்திருக்கிறது.

எண்ணினால் போதும் என்றுதான் சேர்ந்தேன்.
எண்ணுவதில் இம்சை இல்லை.
ஈயம், மருந்து, மேலே சுற்றிய காகிதம்.
சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்கும்வரை
அது ஒரு பொட்டலம்,
மடித்த வெற்றிலை மாதிரி.

அன்று எர்ரகொண்டாவில்
விடியுமுன்பே வெடி கேட்டது.
பாளையக்காரன் ஆட்கள் அடிவாரப் புதரில்,
நம்மவர்கள் பாறைமேல்.
பொன்னையாறு இரு கரையும் தொட்டு ஓட
ஆறு வண்டியில் நாலு அக்கரையில் நின்றுவிட்டன.
கரையேறிய இரண்டில் இருந்தது
குதிரைப்படைத் துப்பாக்கிக்கு வார்த்த குண்டு.
காலாட்படைக் குழலில் அது தொளதொளக்கும்;
மலைமேலிருந்து கீழே குறிவைத்தால்
தானே உருண்டு
சுடுகிறவன் காலடியில் விழும்.

சரியான குண்டு என்னிடம் இருந்தது,
புளியந்தோப்புக் கூடாரத்தில்.
இருபது பெட்டி.
பெட்டிக்கு ஆறு செப்புத் திருகாணி.
திருப்புளி ஒன்றே ஒன்று, அதுவும் லஸ்கர் இடுப்பில்.
லஸ்கர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான்.

முதலில் ஒரு நாயக் வந்தான்.
எந்தக் கம்பெனி?
நாலாவது.
நாலாவதின் பெட்டி ஆற்றுக்கு அப்பால், இது இரண்டாவதின் பெட்டி.
அவன் என்னைப் பார்த்த பார்வையை
எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியவில்லை.

பிறகு தம்பட்டக்காரப் பையன் மஸ்தான்,
முள்பாகல் பக்கம்.
முண்டாசை அவிழ்த்து என் முன்னால் விரித்தான்,
கல்யாண வீட்டில் அரிசி வாங்க வந்தவன் போல.
இவ்வண்டி, இவ்வண்டி என்றான்.
சீட்டு?
கையெழுத்துப் போடுகிறவர் செத்துவிட்டார்.
அவருக்கு அடுத்தவர்?
அவரும்.
அதற்கும் அடுத்தவர்?
அவருக்கு எழுதத் தெரியாது, அய்யா.

தண்ணீர் கேட்டான்.
துணியில் வடிகட்டிக் கொடுத்தேன்.
அதற்குச் சீட்டு வேண்டியதில்லை.
முண்டாசைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்.

கணக்கனுக்குக் காது உண்டு.
மலையில் எழும் ஒவ்வொரு வெடிக்கும்
மனதுக்குள் ஒன்று கழித்தேன்.
நடுப்பகலுக்கு இரண்டு நாழிகை இருக்கும்போதே
கழிக்க எதுவும் இல்லை.
அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் மனிதக் குரல்.
லஸ்கர் திருப்புளியோடு வந்து நின்றான்.
திறக்கவா என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
பொழுது சாயுமுன் சாப்பிட்டேன். வழக்கம்.

விசாரணையில் அவர்களுக்கு வேண்டியது ஒரே பதில்.
கொடுக்காதது விதிக்காகவா, விரதத்துக்காகவா?
விதி என்றால் குற்றம் மேலே போகும்.
விரதம் என்றால் என்னோடு நிற்கும்.
விதி என்றேன்.
இறகு கீச்சிட்டது, மை உலர்ந்தது.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
பாறைமேல் நாற்பத்தொரு பேர். பெயர்கள் இருக்கின்றன.
அந்த இருபது பெட்டி மலையேறியிருந்தால்
புதருக்குள் எத்தனை பேர்?
பெயர் இல்லை, ஊர் இல்லை,
இன்றைக்கும் எங்கோ கம்பங்கொல்லையில்
குருவி விரட்டிக்கொண்டிருப்பார்கள்.
அவர்களை வரவில் வைப்பதா?
அவர்களை நினைத்தா அன்று கையைக் கட்டிக்கொண்டேன்?
இல்லை. சீட்டைத்தான் நினைத்தேன்.
அல்லது, நினைத்தேனோ என்னவோ.

கணக்கு சுத்தம் என்று துரைகள் எழுதினார்கள்.
பாக்கியில் இரண்டு மாதம் கொடுக்கச் சொன்னார்கள்.

சுத்தம் இல்லை.
மாதிரிக்கென்று மேசைமேல் வைத்திருந்த
ஒரு தோட்டா அன்று குறைந்தது.
நான் குனிந்து தண்ணீர் வடிகட்டியபோது
பையன் எடுத்திருக்க வேண்டும்.
அதைச் சுட்டானோ,
கடிக்குமுன்பே விழுந்தானோ.
பேரேட்டில் அதற்கு நேராக எழுதினேன்:
ஈரத்தில் நமத்தது, ஒன்று.
பதினோரு வருஷக் கணக்கில்
நான் எழுதிய பொய் அது மட்டும்தான்.